தானாக எடுத்துத் தானாக வைக்கும் ரெலிபோன் சுற்று: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கோல் வந்தால் தானாக எடுத்து, பதிவு செய்த குரலை ஒலித்து, தானாக வைக்கும் சுற்று ஒன்றைக் கட்டியிருக்கிறீர்கள். கோல் வருகிறது, சுற்று எடுக்கவில்லை. அல்லது எடுத்தது, வைக்க மறுக்கிறது. இப்படி ஏதாவது நடந்தவுடன் பலர் கணினியைத் திறந்து ப்ரோகிராமைத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் மல்டிமீற்றரை எடுத்து லைனை அளந்து பாருங்கள். இந்த வகைச் சுற்றில் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம், சுற்றை வரைந்தவர் நினைத்திருந்த லைன் வேறு, உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் லைன் வேறு என்பதுதான்.

கொழும்பில் இந்த வேறுபாடு மிகவும் அதிகம். ஒரு வீட்டில் எக்ஸ்சேஞ்சிலிருந்து நேரே வரும் பழைய செப்புக் கம்பி. அடுத்த வீட்டில் ஃபைபர் பெட்டியின் போன் போர்ட். இன்னொரு வீட்டில் 4ஜி ரவுட்டரின் பின்பக்கத்து ஆர்ஜே11 துளை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகள் சிலவற்றில் பிஏபிஎக்ஸ், அதாவது கட்டடத்தின் சொந்த உள் எக்ஸ்சேஞ்சின் எக்ஸ்டென்ஷன். நான்கிலும் ஒரே போன் ஒரே மாதிரி ஒலிக்கும். உங்கள் சுற்றுக்கோ நான்கும் நான்கு விதம்.

இங்கே பேசப்படும் சுற்று

உறுப்புகள் வேறாக இருந்தாலும் அமைப்பு பெரும்பாலும் இதுதான். லைனின் இரண்டு கம்பிக்கும் குறுக்கே ரிங் உணரும் பகுதி: 0.47 மைக்ரோஃபரட் 250 வோல்ற் ஃபிலிம் கெப்பாசிட்டர், 10 கிலோஓம் ரெசிஸ்டர், முதுகோடு முதுகாக இரண்டு 27 வோல்ற் ஸீனர், பிறகு 4என்35 ஒப்டோகப்ளர் (மின் தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகச் சமிக்ஞையைக் கடத்தும் உறுப்பு; இனி ஒப்டோ). ஒப்டோவின் எல்ஈடிக்கு எதிர்த்திசையில் ஒரு 1என்4148. அடுத்து ரிலே. அதன் தொடுமுனை வழியாக நான்கு 1என்4007 டயோட் பிரிட்ஜ். பிரிட்ஜுக்குப் பின் மின்னோட்டத்தைப் பிடித்து வைக்கும் எம்பிஎஸ்ஏ42 ட்ரான்சிஸ்டர்: கலெக்டரிலிருந்து பேஸுக்கு 4.7 கிலோஓம், பேஸிலிருந்து நெகட்டிவுக்கு 22 மைக்ரோஃபரட், எமிட்டரில் 47 ஓம். அதற்குப் பக்கவாட்டில், 2.2 மைக்ரோஃபரட் 250 வோல்ற் ஃபிலிம் கெப்பாசிட்டர் வழியாக 600:600 ஓம் ட்ரான்ஸ்ஃபோர்மர். மறுபக்கத்தில் ஆர்டுயினோ நானோ, டிடிஎம்எஃப் (போனின் இலக்க விசைகள் அனுப்பும் டோன்) பிரித்தறிய எம்டி8870, குரல் ஒலிக்க டிஎஃப்பிளேயர் மினி.

லைன் பக்கத்துக்கும் 5 வோல்ற் பக்கத்துக்கும் நடுவே ஒப்டோ, ரிலே, ட்ரான்ஸ்ஃபோர்மர் மூன்றைத் தவிர எதுவும் பாலம் போடக்கூடாது. வெரோபோர்டில் கட்டினால் இரண்டு பக்கத்துக்கும் இடையே மூன்று தடங்களையாவது முழுதாகச் சுரண்டி எடுங்கள். ரிங் வரும் நேரம் லைனில் உச்சமாக 180 வோல்ற் வரை ஏறும். கை வைத்தால் நன்றாக அடிக்கும். ரிங் ஓய்ந்திருக்கும்போதும் 48 வோல்ற் இருக்கிறது. வியர்வைக் கைக்கு அதுவே போதும்.

சோதனையைப் பொது லைனில் தொடங்க வேண்டாம். பொது வலையமைப்பில் மாட்டும் கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரம் வேண்டும்; மேசையில் கட்டிய சுற்றுக்கு அது இருக்காது. பிஏபிஎக்ஸின் உள் எக்ஸ்டென்ஷன் ஒன்றோ, இரண்டு போர்ட் உள்ள பழைய ஏடிஏ (இணையக் கோலைச் சாதாரண போனுக்கு மாற்றித் தரும் பெட்டி) ஒன்றோ கிடைத்தால் அதுவே நல்ல மேசைச் சோதனை. ஒரு போர்ட்டில் சாதாரண போன், மற்றதில் சுற்று. எத்தனை தடவை அழைத்தாலும் பில் வராது, பழுதானால் பாதிப்பு உங்கள் மேசையோடு நிற்கும்.

முதலில் மூன்று அளவுகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எல்லாப் போனும் வைத்திருக்கும்போது லைனில் டிசி வோல்ற்றளவு. செப்புக் கம்பியில் 48 முதல் 52 வரை இருக்கும். ஃபைபர் பெட்டியில் அதைவிடக் குறைவாக இருப்பது சாதாரணம்.

இரண்டு, மொபைலிலிருந்து அழைத்து ரிங் ஒலிக்கும்போது ஏசி வோல்ற்றளவு. மலிவான மீற்றர்கள் ஏசி அளவில் வைத்தாலும் டிசியைச் சேர்த்துத் தவறான எண்ணைக் காட்டும். மீற்றர் முனையோடு 0.47 மைக்ரோஃபரட் 250 வோல்ற் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்து அளந்தால் அந்தக் குழப்பம் வராது. செப்பில் 75 முதல் 90 வரும். சிறு பெட்டிகளில் 45 அளவுக்கு இறங்கி நிற்பதும் உண்டு.

மூன்று, சாதாரண போன் ஒன்றை எடுத்து வைத்திருக்கும்போது லைனின் டிசி வோல்ற்றளவும், தொடராக மீற்றர் வைத்தால் வரும் மின்னோட்டமும். வோல்ற்றளவு 5 முதல் 12. மின்னோட்டம் செப்பில் 20 முதல் 40 மில்லிஅம்பியர், பெட்டிகளில் பெரும்பாலும் 18 முதல் 25.

ரிங் வருகிறது, சுற்று அசையவில்லை

லைனைக் கழற்றிவிட்டு 5 வோல்ற்றிலிருந்து 1 கிலோஓம் வழியாக ஒப்டோவின் எல்ஈடிக்கு நேரே மின் கொடுங்கள். ஒப்டோவின் வெளியீடு 5 வோல்ற்றிலிருந்து 0.3 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் ஒப்டோவும் ஆர்டுயினோவும் சரி, பழுது அதற்கு முன்னால் உள்ள பகுதியில். விழாவிட்டால் எல்ஈடி திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது வெளியீட்டை 5 வோல்ற்றுக்கு இழுத்து வைக்கும் ஆர்டுயினோ பக்கத்து 10 கிலோஓம் இழுப்பு ரெசிஸ்டர் மறந்துபோயிருக்கலாம். பக்கத்தில் உள்ள 1என்4148ஐ மறந்தவர்களுக்கு ஒப்டோ சில நாள் வேலை செய்து பிறகு செத்துப்போகும். எல்ஈடி தாங்கும் எதிர்த்திசை வோல்ற்றளவு வெறும் 6 வோல்ற். ஒவ்வொரு ரிங்கும் அதை உடைக்கப் பார்க்கும்.

முன்பகுதிதான் பிழை என்றால், கணக்குப் போட்டுப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். 0.47 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் 25 ஹேர்ட்ஸில் 13.5 கிலோஓம் எதிர்ப்புக் காட்டும். 10 கிலோஓம் ரெசிஸ்டரோடு சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 16.8 கிலோஓம். ரிங் 45 வோல்ற் என்றால் உச்சம் 64. அதில் 27 வோல்ற் ஸீனர் ஜோடி 28ஐ எடுத்துக்கொள்ளும், எல்ஈடி 1.2ஐ எடுக்கும், மீதி சுமார் 35 வோல்ற் 2 மில்லிஅம்பியர் உச்சமாகப் பாயும். 10 கிலோஓம் இழுப்பை வெல்ல அது போதும். பழைய வரைபடங்கள் பலவற்றில் ஸீனர் 47 வோல்ற்றாக இருக்கும். அதே 45 வோல்ற் ரிங்குக்கு அங்கே 1 மில்லிஅம்பியர்கூடத் தேறாது. செப்புக் கம்பியில் ஆண்டுக்கணக்காக ஓடிய சுற்று ஃபைபர் மாற்றிய மறுநாளே ஊமையாவது இதனால்தான். ஸீனரை 27க்கு மாற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் 15. அதற்குக் கீழே போனால் அடுத்த பகுதியில் சொல்லும் பேய் ரிங் தொல்லை தொடங்கும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. மின்னல் பாதுகாப்புக்கு லைனின் குறுக்கே போட்ட வேரிஸ்டர், அதாவது வோல்ற்றளவு ஓர் எல்லையைத் தாண்டினால் மின்னைத் தன் வழியே பாயவிடும் உறுப்பு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கடைகளில் வேரிஸ்டர் கேட்டால் கையில் இருப்பதைத் தருவார்கள். நீல வட்டின் மேல் 101 என்று எழுதியிருந்தால் அது 100 வோல்ற் ரகம். ரிங்கின் உச்சம் அதைத் தாண்டும், வேரிஸ்டர் ரிங்கையே வெட்டிச் சாப்பிட்டுவிடும். லைனுக்கு 271 என்று எழுதியதை வாங்குங்கள். 471 ரகம் ரிங்குக்கு இடைஞ்சல் செய்யாது, ஆனால் சுற்றைக் காப்பாற்றவும் மாட்டாது.

யாரும் அழைக்கவில்லை, சுற்று எடுத்துவிடுகிறது

அதே லைனில் பக்கவாட்டில் வேறு போன் இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். யாரேனும் போனை எடுக்கும்போதும் வைக்கும்போதும் லைன் 48க்கும் 8க்கும் இடையே துள்ளும். பழைய பல்ஸ் டயல் போன் என்றால் செக்கனுக்குப் பத்துத் துள்ளல். கெப்பாசிட்டர் வழியாக இவையெல்லாம் ஒப்டோவுக்குப் போய்ச் சேரும்.

ஒரே ஒரு துடிப்பைப் பார்த்தவுடன் ரிங் என்று முடிவெடுக்கும் ப்ரோகிராம்தான் பிழை. ரிங் 20 அல்லது 25 ஹேர்ட்ஸ். ஆகவே துடிப்புகளுக்கு இடையே 40 முதல் 50 மில்லிசெக்கன். 35க்கும் 60க்கும் உள்ளே விழும் இடைவெளிகளை மட்டும் எண்ணுங்கள். 300 மில்லிசெக்கனுக்குள் அப்படி 5 துடிப்பு வந்தால் ரிங். பல்ஸ் டயலில் அதே நேரத்துக்குள் 3தான் வரும், இடைவெளியும் 100 மில்லிசெக்கன். மின்னல் அதிர்ச்சியும் போன் வைக்கும் துள்ளலும் ஒன்றிரண்டோடு நின்றுவிடும்.

இதைச் செய்தும் பேய் ரிங் வந்தால் ஒப்டோவின் வெளியீட்டுக் கம்பி ரிலேச் சுருள் கம்பியோடு சேர்ந்து ஓடுகிறதா பாருங்கள். பிரித்து வையுங்கள். ஆர்டுயினோ முனையிலேயே 10 நானோஃபரட் ஒன்றைச் சுற்றின் நிலத்துக்கு (கிரவுண்ட்) போடுங்கள்.

சுற்று எடுத்தது, ஆனால் ரிங் நிற்கவில்லை

ரிலே டிக் என்கிறது. அழைத்தவர் காதில் இன்னும் மணி ஒலிக்கிறது. எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை யாரும் எடுக்கவில்லை. போதிய மின்னோட்டம் பாயவில்லை என்பது பொருள். ரிலே ஒட்டியிருக்கும்போது லைனின் இரண்டு முனைக்கும் குறுக்கே டிசியை அளந்தால் பதில் அங்கேயே கிடைக்கும்.

48 அப்படியே நின்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது: ரிலேத் தொடுமுனை, பிரிட்ஜ், அல்லது ட்ரான்சிஸ்டர். 20க்கு மேல் நின்றால் பாதை உண்டு, தடை அதிகம். எமிட்டரில் 47 ஓமுக்குப் பதில் 4.7 கிலோஓம் பொருத்தியிருப்பார்கள்; மஞ்சள், ஊதாவுக்கு அடுத்த வளையம் கறுப்பா சிவப்பா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். 5 முதல் 10 என்றால் சுற்று சரி. 4க்குக் கீழே என்றால் ரிங் நின்றுவிடும், ஆனால் பேச்சு கேட்காது. ட்ரான்சிஸ்டர் ஷோர்ட், அல்லது பிரிட்ஜின் டயோட் ஒன்று திரும்பியிருக்கிறது.

ட்ரான்சிஸ்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எம்பிஎஸ்ஏ42 கிடைக்கவில்லையென்று பிசி547 போடுவது வழக்கமான தவறு. அது தாங்குவது 45 வோல்ற்; ரிலே ஒட்டும் அந்த முதல் கணத்தில் லைனில் 48 இருக்கிறது, ரிங் நடுவே என்றால் அதைவிடப் பல மடங்கு. முதல் கோலிலேயே போய்விடும். இன்னொரு சிக்கல், கால்களின் வரிசை. தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க வைத்தால் எம்பிஎஸ்ஏ42இன் கால்கள் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547இல் அது நேர் தலைகீழ். ஆகவே பிசி547ஐக் கழற்றிய அதே துளைகளில் எம்பிஎஸ்ஏ42ஐ அதே பக்கம் பார்த்துச் செருகினால் திரும்பவும் வேலை செய்யாது.

ட்ரான்சிஸ்டர் எதற்கு, 600 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ரிங் நிற்க அது போதும். ஆனால் லைனின் எதிர்ப்பும் 600 ஓம் அளவு என்பதால் பேச்சின் பெரும்பங்கை அந்த ரெசிஸ்டர் விழுங்கிவிடும். ட்ரான்சிஸ்டர் டிசிக்கு வழி விட்டு, பேச்சுக்கு 4.7 கிலோஓம் போல நிற்கிறது. அதுதான் அதன் பயன். ட்ரான்ஸ்ஃபோர்மர் வழியாகவே டிசியைப் பாயவிடும் வரைபடங்களும் உண்டு. பழைய மொடமிலிருந்து கழற்றிய சிறு ட்ரான்ஸ்ஃபோர்மர்களில் பல டிசி பாய்ந்தால் நிறைவுற்று, குரல் தகர டப்பாவுக்குள் பேசியது போலாகும். 2.2 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் அங்கே இருப்பது அதைத் தடுக்கத்தான்.

ரிலேயை ரிங் ஒலிக்கும் நடுவில் ஒட்டவிடாதீர்கள். கடைசித் துடிப்பு வந்து 150 மில்லிசெக்கன் அமைதி இருந்தால் ஒட்டச் சொல்லுங்கள். தொடுமுனை கருகாது, ட்ரான்சிஸ்டரும் பிழைக்கும்.

எடுத்தவுடனே தானாக வைத்துவிடுகிறது

இரண்டு விதம். முதலாவது, ரிலே ஒட்டும் கணத்தில் ஆர்டுயினோ ரீசெட் ஆவது. நானோவில் உள்ள எல்ஈடி துடித்து மறுபடி தொடங்கினால் இதுதான். 5 வோல்ற் ரிலேச் சுருள் ஒன்று 70 மில்லிஅம்பியர் வரை இழுக்கும். மலிவு சார்ஜரும் மெல்லிய யூஎஸ்பி வயரும் அந்த நேரம் தொய்ந்துபோகும். ரிலேக்குப் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபரட், சுருளுக்குக் குறுக்கே 1என்4007 எதிர்த்திசையில். இந்த டயோட் இல்லாவிட்டால் ரிலே விடும்போதும் ரீசெட் வரும்.

இரண்டாவதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மறுமுனை போனை வைத்ததை அறிய லைனில் தொடராக இன்னொரு ஒப்டோ இருக்கும். மின்னோட்டம் நின்றால் அதன் எல்ஈடி அணையும், சுற்று வைத்துவிடும். எல்ஈடிக்கு அதிக மின்னோட்டம் போகாமலிருக்க அதன் குறுக்கே ஒரு ரெசிஸ்டர். பழைய வரைபடங்களில் அது 47 ஓம். எல்ஈடி ஒளிர 1.2 வோல்ற் வேண்டும். 47 ஓமில் 1.2 வோல்ற் வர 25.5 மில்லிஅம்பியர் பாய வேண்டும். அதற்கு மேல் உள்ளதுதான் எல்ஈடிக்கு. செப்புக் கம்பியின் 32 மில்லிஅம்பியரில் எல்ஈடிக்கு 6 கிடைத்தது, எல்லாம் நன்றாக ஓடியது. ஃபைபர் பெட்டி தருவது 20. ரெசிஸ்டரில் 0.94 வோல்ற்தான் நிற்கிறது, எல்ஈடி ஒளிரவே இல்லை. சுற்றுக்கோ ஒவ்வொரு கோலிலும் மறுமுனை வைத்துவிட்டது போலத் தெரிகிறது, உடனே வைத்துவிடுகிறது. அந்த ஒரு ரெசிஸ்டரை 100 ஓமாக மாற்றினால் 20 மில்லிஅம்பியரில் 12 அதன் வழி, 8 எல்ஈடி வழி. 40 வந்தாலும் எல்ஈடிக்கு 28தான்; 4என்35 60 வரை தாங்கும்.

இதோடு ப்ரோகிராமில் ஒன்று: எடுத்த முதல் 1 செக்கனுக்கு இந்த ஒப்டோவைப் பார்க்கவே வேண்டாம். சில பெட்டிகள் எடுத்ததை உணர்ந்து ரிங்கிலிருந்து பேச்சுக்கு மாறும் நேரத்தில் லைனை ஒரு கணம் விட்டுப் பிடிக்கும்.

அழைத்தவர் வைத்துவிட்டார், சுற்று வைக்கவில்லை

கட்டுவதில் கடினமான பாதி இதுதான். எடுப்பதற்கு ரிங் என்ற தெளிவான அடையாளம் உண்டு. மறுமுனை வைத்ததற்கு எல்லா லைனிலும் பொதுவான அடையாளம் கிடையாது. ஒரு லைனில் மின்னோட்டம் சில நூறு மில்லிசெக்கன் அறுந்து வரும். இன்னொன்றில் மின்னோட்டம் அசையாது, பிஸி டோன் மட்டும் வரும். வேறொன்றில் முதலில் பல செக்கன் முழு அமைதி, பிறகுதான் டோன்.

உங்கள் லைனில் எது என்று அறிய சாதாரண போன் ஒன்றை எடுத்து, டிசி வோல்ற்றளவைப் பார்த்தபடி மொபைலிலிருந்து கோலை வெட்டுங்கள். மீற்றர் ஒரு கணம் துள்ளினால் மின்னோட்ட ஒப்டோ போதும்; 150 மில்லிசெக்கனுக்கு மேல் அணைந்திருந்தால் வைக்கச் சொல்லுங்கள். அதைவிடச் சிறிய அறுவைகளை அலட்சியம் செய்யுங்கள், அவை வயர் அசைவதால் வருபவை. ஃபைபர் பெட்டிகளிலும் ஏடிஏக்களிலும் இந்த அறுவையைத் தருவதா வேண்டாமா என்பது உள் அமைப்பில் உள்ள ஒரு தேர்வு. சொந்த ஏடிஏ என்றால் நீங்களே இயக்கலாம். சேவை நிறுவனத்தின் பெட்டி என்றால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மீற்றர் துள்ளவில்லை என்றால் டோனைத்தான் நம்ப வேண்டும். மறுமுனை வெட்டிய பிறகு போனில் கேட்பதை மொபைலில் ஒரு நிமிடம் பதிவு செய்து, அலைவெண் காட்டும் இலவச செயலி ஒன்றில் போட்டுப் பாருங்கள். ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரைக்கும் டோன் 425 ஹேர்ட்ஸ். உங்கள் பதிவில் வரும் எண்ணையும், ஒலி எத்தனை மில்லிசெக்கன் ஓய்வு எத்தனை என்பதையும் குறியுங்கள். ஆர்டுயினோவில் கோர்ட்ஸெல் (Goertzel) முறையில், அதாவது ஒரே ஓர் அலைவெண்ணை மட்டும் தேடும் கணக்கில், செக்கனுக்கு 8000 மாதிரி எடுத்து 160 மாதிரிக்கு ஒருமுறை கணக்கிட்டால் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு முடிவு கிடைக்கும். 425க்குரிய பெருக்கி 1.890. ஒலி, ஓய்வு, ஒலி, ஓய்வு என்ற சுழற்சி மாறாமல் நான்கு தடவை வந்தால்தான் பிஸி டோன் என்று கொள்ளுங்கள். ஒருமுறை வந்ததை நம்பினால் பெண் குரலோ பின்னணிப் பாட்டோ அந்த அலைவெண்ணைத் தொட்டவுடன் கோல் அறுந்துவிடும்.

எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைசி அரண் ஒன்று கட்டாயம்: எடுத்ததிலிருந்து 120 செக்கன், அல்லது உங்கள் பயன்பாட்டுக்கு வேண்டிய உச்ச நேரம் ஆனவுடன் ரிலே விட்டே ஆக வேண்டும். அதையும் ப்ரோகிராமின் ஒரே வளையத்துக்குள் வைக்காமல் ப்ரோகிராம் தொங்கினால் தானாக ரீசெட் செய்யும் ஆர்டுயினோவின் வோச்டோக்கையும் இயக்கிவிடுங்கள். குரல் ஒலிக்கும் பகுதியில் ப்ரோகிராம் தொங்கினால் நேரக் கணக்கும் அதோடு தொங்கும். சுற்று பிடித்து வைத்திருக்கும் லைனிலிருந்து பொலிஸின் 119க்கோ அம்புலன்ஸின் 1990க்கோ யாரும் அழைக்க முடியாது. அந்த வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கும் மத்தியானத்தை நினைத்துப் பாருங்கள். இதே காரணத்துக்காக ரிலேயின் திறந்த தொடுமுனையைத்தான், அதாவது சுருளில் மின் இல்லாதபோது திறந்தே இருப்பதைத்தான், பயன்படுத்த வேண்டும். கரண்ட் போனால் லைன் தானாக விடுபடும். ரிலே இயக்கும் ட்ரான்சிஸ்டரின் பேஸை 10 கிலோஓமால் நிலத்துக்கு இழுத்துவிடுங்கள்.

ப்ரோகிராம் விட்டுவிட்டது, ரிலேச் சுருளில் மின் இல்லை, ஆனால் லைன் இன்னும் 8 வோல்ற்றிலேயே நிற்கிறதா? ஸ்க்ரூட்ரைவர் பிடியால் ரிலேயின் மேல் மெல்லத் தட்டுங்கள். வோல்ற்றளவு 48க்கு ஏறினால் தொடுமுனை ஒட்டிப்போயிருக்கிறது. ரிலேயை மாற்றுங்கள். தொடுமுனைக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபரட் 250 வோல்ற்றும் தொடராக வைத்தால் அடுத்தது நீடிக்கும்.

வைத்தது, மறுபடி எடுத்தால் அதே ஆள்

பல எக்ஸ்சேஞ்சுகளில் அழைக்கப்பட்டவர் வைத்தவுடன் கோல் முறியாது. அழைத்தவர் வைக்கும் வரையோ, ஒரு குறித்த நேரம் வரையோ அது நிற்கும். பழுது அல்ல. வைத்த பிறகு 3 செக்கனுக்குள் ரிலே மறுபடி ஒட்டாதபடி ப்ரோகிராமில் பூட்டுப் போடுங்கள். 1 செக்கனுக்குக் குறைவாக விட்டுப் பிடித்தால் சில லைன்களில் அது ஃப்ளாஷ் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளப்பட்டு, காத்திருக்கும் அடுத்த கோலுக்குத் தாவிவிடும்.

இரைச்சல், முணுமுணுப்பு, மெலிந்த குரல்

தொடர்ச்சியான 50 ஹேர்ட்ஸ் முணுமுணுப்பு என்றால் லைனின் ஒரு கம்பி எங்கோ உங்கள் நிலத்தோடு சேர்ந்திருக்கிறது. ஆர்டுயினோவை மடிக்கணினியோடு இணைத்திருக்கும்போது மட்டும் வந்து, தனிப் பற்றரியில் ஓடும்போது போய்விட்டால் இதுவே உறுதி. சுரண்டிய தடங்களில் ஈயத் துளி பாலம் போட்டிருக்கும்; பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள்.

பேசும்போது கரகரவென்று வந்து போகும் இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த நீலச் சதுர 10 அம்பியர் ரிலே. பல்பும் மோட்டரும் இயக்கச் செய்த தொடுமுனை அது. 20, 30 மில்லிஅம்பியர் அதன் மேற்பரப்பில் படியும் மெல்லிய படலத்தை எரித்துத் துப்புரவாக்கப் போதாது. ஜி5வி-2 போன்ற சிறு சமிக்ஞை ரிலேயைப் போடுங்கள். இரட்டைத் தொடுமுனை என்பதால் லைனின் இரு கம்பியையும் ஒன்றாக அறுக்கலாம்.

குரல் மெலிந்தால் ஒலியைக் கண்டபடி கூட்டாதீர்கள். ட்ரான்ஸ்ஃபோர்மரின் லைன் பக்கம் 0.25 வோல்ற் ஏசி போதும். டிஎஃப்பிளேயர் வெளியீட்டில் 10 கிலோஓம் பொட், அதன் பின் சிறு அம்ப், 600 ஓம் தொடர் ரெசிஸ்டர் வழியாக ட்ரான்ஸ்ஃபோர்மர். பொட்டை நேரே ட்ரான்ஸ்ஃபோர்மரில் இணைத்தால் குரல் எப்போதும் மெலிவுதான்.

இலக்கம் அழுத்தினால் புரிந்துகொள்வதில்லை

எம்டி8870இன் படிகம் 3.579545 மெகாஹேர்ட்ஸ். 4 மெகாஹேர்ட்ஸ் போட்டால் இலக்கங்கள் சரியாகப் பிடிபடாது. படிகம் சரி என்றால், குரல் ஒலித்து முடிந்த பிறகு அழுத்திப் பாருங்கள். அப்போது பிடிபட்டால் உங்கள் சுற்றின் சொந்தக் குரலே அதன் காதில் உரக்க விழுந்து டோனை மறைக்கிறது. குரலை வசனத்துக்கு வசனம் 1 செக்கன் இடைவெளி விட்டுப் பதிவு செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சில மொபைல்கள் விசையை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் குட்டையான டோனையே அனுப்பும். எம்டி8870இன் எஸ்ட் (ESt) முனையின் ரெசிஸ்டரை 300 கிலோஓமிலிருந்து 220க்கு இறக்கினால் அவையும் பிடிபடும். அதற்குக் கீழே இறக்கினால் பேச்சையே இலக்கமாக எண்ணத் தொடங்கும்.

சுற்றை மாட்டினால் வீட்டுப் போன் மக்கர் செய்கிறது

வைத்த நிலையில் சுற்று லைனிலிருந்து ஏறக்குறைய எதையும் இழுக்கக்கூடாது. ஓம் அளவில் வைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள். மீற்றர் கொடுப்பது ஒரு சில வோல்ற், அடிபட்ட வேரிஸ்டர் கசியத் தொடங்குவது அதைவிட உயரத்தில். லைனோடு தொடராக மைக்ரோஅம்பியர் அளவில் மீற்றரை வையுங்கள். மாட்டிய முதல் கணத் துள்ளல் அடங்கிய பிறகு 10 மைக்ரோஅம்பியருக்கு மேல் நின்றால் கசிவு. வேறொரு போனில் ரிங் வந்தால் அந்த நேரம் மீற்றர் பழுதாகலாம், ஆகவே அளந்தவுடன் கழற்றுங்கள். பிறகு வேரிஸ்டரைக் கழற்றி மறுபடி அளங்கள். அது இல்லை என்றால் ரிங் பகுதியின் கெப்பாசிட்டர். அங்கே எலெக்ட்ரோலிட்டிக் போட்டிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், அதுவேதான்.

ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். அந்தப் பருவத்துக்குப் பிறகு இந்தக் கசிவுச் சோதனையை ஒருமுறை செய்யுங்கள். வேரிஸ்டருக்கு முன்னால் ஒவ்வொரு கம்பியிலும் 10 ஓம் எரிந்தறும் ரெசிஸ்டர் ஒன்று இருந்தால் பலமான அடியில் அது போகும், மற்றவை தப்பும். மின்னும்போது லைனைக் கழற்றப் போகாதீர்கள்; மேகம் கறுக்கும்போதே கழற்றுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை கடலோர வீடுகளில் இன்னொன்றும் உண்டு. சுவரில் லைன் முடியும் பெட்டியைத் திறந்தால் திருகாணியின் கழுத்தில் பச்சைப் பொடி படிந்திருக்கும், இரண்டு திருகாணிக்கும் நடுவே பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய ஈரப் பளபளப்பு. காலையில் கரகரப்பு, வெயில் ஏறியதும் சரி என்றால் இதுதான். கம்பியைக் கழற்றி, நுனியைப் பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டி, திருகாணியை மாற்றி, பெட்டிக்குள் ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் துடைத்து உலர்த்துங்கள். உங்கள் சுற்றின் லைன் பக்கத்துக்கு அதே துடைப்புக்குப் பிறகு இரண்டு கை வார்னிஷ் பூசுங்கள். ரிலேயின் மேல் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே போனால் தொடுமுனை மூடிவிடும்.